கிடாரிக்குப் பெயர் உண்டு: நான்சி ஹேங்க்ஸைத் தேடி நாலு நாள்

நாள் 1: பார்ட்ஸ்டவுன், கென்டக்கி

அம்மா ஊரிலிருந்து வந்து ஏழு வாரம் ஆகிறது. நயாகரா பார்த்தாச்சு, கோயில் பார்த்தாச்சு, காஸ்ட்கோவை நாலு தடவை பார்த்தாச்சு. இனி எங்கே கூட்டிப்போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார், "நீ ராத்திரி ராத்திரி கம்ப்யூட்டர்ல ஒரு பொம்பளையப் பத்தித் தேடிட்டே இருக்கியே, அவ ஊருக்குப் போலாமா அம்மிணி?"

அந்தப் பெண் நான்சி ஹேங்க்ஸ். ஆபிரகாம் லிங்கனின் அம்மா என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் நான் அந்த வழியாக அவரிடம் போய்ச் சேரவில்லை. பழைய கையெழுத்துப் பத்திரங்களைப் படித்துத் தட்டச்சு செய்து தரும் தன்னார்வ வேலை ஒன்று மூன்று வருஷமாகச் செய்கிறேன், சம்பளம் கிடையாது, கண்வலி உண்டு. அப்படி 18ஆம் நூற்றாண்டு உயில்களாகப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு கிடாரியின் பெயர் கண்ணில் பட்டது. அதிலிருந்து விடவில்லை.

சின்சினாட்டியிலிருந்து காலையில் கிளம்பி மதியத்துக்குள் பார்ட்ஸ்டவுன் வந்துவிட்டோம். இது நெல்சன் கவுன்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைநகர், இப்போது போர்பன் விஸ்கிக்குப் பேர்போன ஊர், கடைவீதி முழுக்க அந்த வாசனைதான். எனக்கு வேண்டியது விஸ்கி இல்லை, 1793 ஜனவரியில் இந்தக் கவுன்டியில் ஜோசப் ஹேங்க்ஸ் என்ற விவசாயி எழுதிவைத்த உயில். அதன் நகலை வீட்டிலேயே அச்சடித்து ஃபைலில் வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் அம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

மனைவி உயிரோடு இருக்கும்வரை சொத்து முழுவதும் அவள் அனுபவிக்கலாம். ஒரு மகனுக்கு மேஜர் என்ற செந்நிறக் குதிரை. இன்னொருவனுக்கு போனி என்ற சாம்பல்நிறப் பெட்டைக்குதிரை. அடுத்தவனுக்கு கில்பர்ட் என்ற குதிரை, அதற்கடுத்தவனுக்கு டோப். கடைசி மகன் ஜோசப்புக்கு பால்ட் என்ற குதிரையும், குடியிருக்கும் 150 ஏக்கர் நிலமும். மகள்களுக்கு? எலிசபெத்துக்கு ஜென்டில் என்ற கிடாரி, பாலிக்கு லேடி என்ற கிடாரி, நான்சிக்கு பைடி என்ற கிடாரி.

"ஆம்பளப் பசங்களுக்குக் குதிரை, பொம்பளப் புள்ளைக்குக் கிடாரி" என்றார் அம்மா, ஏதோ நேற்றுத்தான் அந்தப் பங்கு பிரிந்த மாதிரி. பைடி என்றால் என்ன என்று கேட்டார். இரண்டு நிறம் கலந்து திட்டுத் திட்டாக இருக்கும் மாட்டை அப்படிக் கூப்பிடுவார்கள், நாம் செவலை, காரி, மயிலை என்று நிறத்தை வைத்தே கூப்பிடுகிற மாதிரிதான் என்றேன். சரி, ஒத்துக்கொண்டார்.

இந்தக் கிடாரிதான் பிறகு நூறு வருஷக் குழப்பத்துக்கு வழி செய்தது. உயிலில் நான்சி ஹேங்க்ஸ் என்ற பெயரைப் பார்த்த 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆட்கள், இவள்தான் லிங்கனின் அம்மா, கைக்குப் பத்திரம் கிடைத்துவிட்டது, இனி யாரும் அவள் பிறப்பைப் பற்றி வாய் திறக்க முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். ஆனால் பைடியை வாங்கிய நான்சி வேறு ஆள். அவர் லிங்கனின் அம்மாவுக்குச் சித்தி முறை, பிற்காலத்தில் லிங்கனைப் பற்றிப் பேசியே வயதான டென்னிஸ் ஹேங்க்ஸின் அம்மா. அந்தக் குடும்பத்தில் பாட்டி பெயரும் ஆன் என்கிற நானி, மகள் நான்சி, பேத்தி நான்சி. பெயர் ஒத்துப்போனால் ஆளும் அவரேதான் என்று நினைத்துக்கொள்வது இந்த வேலையில் எல்லோரும் விழுகிற குழி, நானே இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

உயிலில் எட்டுப் பிள்ளைகள். மூத்த மகள் ஒருத்தி இருந்தாள், லூசி, லிங்கனின் அம்மா நான்சியைப் பெற்றவள். அவள் பெயர் அதில் இல்லை. குதிரை இல்லை, கிடாரி இல்லை, ஒன்றுமே இல்லை.

நாளைக்கு லூசி.

நாள் 2: ஸ்பிரிங்ஃபீல்டு, ஹாராட்ஸ்பர்க்

முதலில் ஒரு புலம்பல். ஒரு ஆவண அறைக்கு (எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை) முந்தின வாரமே போன் செய்து, நாலரை மணிவரை திறந்திருக்கும் என்று சொன்னதை நம்பிப் போனால், கதவில் மதியத்தோடு மூடல் என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறது. அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைப் பிரித்துவிட்டார். அதுவும் நல்லதற்குத்தான், இல்லாவிட்டால் தூசித் தாள்களுக்கு நடுவே பசியோடு உட்கார்ந்திருப்பேன்.

ஸ்பிரிங்ஃபீல்டு வாஷிங்டன் கவுன்டியில் இருக்கிறது. இங்கேதான் நான்சியின் கல்யாணப் பத்திரம் கிடைத்தது. கிடைத்த கதையைச் சொல்லியாக வேண்டும். லிங்கன் அரசியலில் பெரிய ஆளானதும், அவருடைய அப்பா அம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. தேடிப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் குடும்பம் வாழ்ந்த ஹார்டின் கவுன்டியின் பதிவேடுகளில் தேடினார்கள், அங்கே ஒன்றும் இல்லை, இல்லாததையே சாட்சியாக்கிவிட்டார்கள். ஆனால் கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம்தானே நடக்கும்? யாருக்கும் தோன்றவில்லை. லிங்கன் சுடப்பட்டு 13 வருஷம் கழித்து, 1878இல், ஸ்பிரிங்ஃபீல்டில் கவுன்டி எழுத்தராக இருந்த டபிள்யூ. எஃப். புக்கர் பழைய கட்டுகளைப் பிரித்தபோதுதான் தாள் வெளியே வந்தது. ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர், தான் நடத்திவைத்த கல்யாணங்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்திருக்கிறார். 1806 ஜூன் 12, தாமஸ் லிங்கன், நான்சி ஹேங்க்ஸ்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் எழுதிய ஜாமீன் பத்திரமும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கென்டக்கியில் மாப்பிள்ளையும் இன்னொருவரும் சேர்ந்து 50 பவுண்டுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், இந்தக் கல்யாணத்துக்குச் சட்டப்படி ஏதாவது தடை வந்தால் அந்தப் பணத்துக்கு அவர்கள் பொறுப்பு. தாமஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான்சியை வளர்த்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ரிச்சர்ட் பெர்ரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெண்ணின் கையெழுத்துக்கு இடமே இல்லை, தேவையில்லை.

பெர்ரி குடும்பத்தின் இரண்டு மாடி மரவீட்டை ஊருக்கு வடக்கே ஐந்து மைல் தள்ளி, லிங்கன் ஹோம்ஸ்டெட் பூங்காவில் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தாமஸ் பெண் கேட்டு வந்தபோது நான்சி இருந்த வீடு என்று சொல்கிறார்கள். முழுமுழு மரத்தைச் செதுக்கி அடுக்கி, இடுக்குகளில் பூச்சு அடைத்த சுவர். மூலையில் ஒரு மரம் இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும் இடத்தை அம்மா கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார், கோடாலி விழுந்த தழும்பு ஒவ்வொன்றும் விரலுக்குப் பட்டது. பின்னால் திரும்பினால் கோல்ஃப் மைதானம். ஆமாம், அதே பூங்காவுக்குள் 18 குழி கோல்ஃப். நாங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பந்தைத் தேடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

சாயங்காலம் ஹாராட்ஸ்பர்க். மெர்சர் கவுன்டி. லூசியின் ஊர் இது.

1789 நவம்பரில் இந்தக் கவுன்டியின் கிராண்ட் ஜூரி (யார் மீது வழக்குப் போடலாம் என்று முடிவு செய்யும் ஊர்க்காரர் குழு) லூசி ஹேங்க்ஸ் மீது ஒரு குற்றம் பதிந்தது. கல்யாணம் ஆகாமல் ஆணோடு உறவு, அந்தக் காலத்தில் அது வழக்கு. உறவு என்றால் இரண்டு பேர் இருந்திருக்க வேண்டும் இல்லையா, பதிவேட்டில் லூசி மட்டும்தான் இருக்கிறாள். அப்போது குட்டி நான்சிக்கு ஐந்து வயசு, வர்ஜீனியாவில் பிறந்தவள், அப்பா பெயர் எந்தத் தாளிலும் ஏறாதவள்.

ஃபைலில் இன்றைக்கு நான் காட்டக் காத்திருந்த தாள் அடுத்தது. 1790 ஏப்ரல் 26. ஹென்றி ஸ்பாரோ என்பவர் லூசியைக் கல்யாணம் செய்துகொள்ள முன்வருகிறார், உரிமம் வாங்க வேண்டும். லூசி தன் கையாலேயே எழுதியதாகக் கருதப்படும் ஒரு சீட்டு இருக்கிறது. நான் வயது வந்தவள், ஹென்றி ஸ்பாரோ இன்றைக்கோ வேறு எந்த நாளைக்கோ லைசென்ஸ் எடுத்துக்கொள்ள நான் மனதாரச் சம்மதிக்கிறேன். லைசென்ஸ் என்ற சொல்லைக் கண்டபடி எழுதியிருக்கிறாள், இன்னும் இரண்டு மூன்று பிழை. ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "இன்றைக்கோ வேறு எந்த நாளைக்கோ" என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வழக்கு தலைக்கு மேல் தொங்குகிறது, வீட்டில் கணக்கிலேயே இல்லை, அந்தப் பெண் எழுதுகிறாள், எனக்கு அவசரம் இல்லை, நீ எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று. வழக்கு அப்படியே கைவிடப்பட்டது. மறு வருஷம் கல்யாணம். நிறைய குழந்தைகள்.

நான்சி அந்த வீட்டில் வளரவில்லை. சித்தி எலிசபெத்தும் சித்தப்பா தாமஸ் ஸ்பாரோவும் (ஹென்றியின் உறவு) வளர்த்தார்கள், பெர்ரி வீட்டிலும் இருந்திருக்கிறாள்.

இதெல்லாம் லிங்கனுக்குத் தெரிந்திருந்ததா? அவரோடு வக்கீல் தொழிலில் கூட்டாளியாக இருந்த வில்லியம் ஹெர்ண்டன் சொல்லியிருக்கிறார். 1850 வாக்கில் இருவரும் குதிரைவண்டியில் கோர்ட்டுக்குப் போகும் வழியில், என் அம்மா லூசி ஹேங்க்ஸுக்கும் நல்ல குடியில் பிறந்த ஒரு வர்ஜீனியா விவசாயிக்கும் முறைப்படி இல்லாமல் பிறந்தவள் என்று லிங்கன் தானாகவே சொன்னாராம். வெளியில் அவர் எழுதியது ரொம்பக் குறைவு: 1859இல் தன்னைப் பற்றிய குறிப்பில் ஒரே வரி, அம்மா ஹேங்க்ஸ் என்ற பெயருள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். அவ்வளவோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"பெத்தவளப் பத்தி ஒரு வரிதானா?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவனுக்கு ஒம்பது வயசுல போயிட்டாளே, என்னத்த எழுதுவான்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

நாள் 3: ஹாட்ஜன்வில்

இன்றைக்குப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. ஹாட்ஜன்வில்லில் லிங்கன் பிறந்த இடத்தில் கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு கல் மண்டபம், 56 படி, அவர் வாழ்ந்த வருஷங்களுக்கு ஒவ்வொன்றாக. முட்டிவலியோடு அம்மா 56ம் ஏறினார். உள்ளே ஒரு மரக்குடிசை. ரொம்ப நாள் அதுதான் அவர் பிறந்த குடிசை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2004இல் மரத்தின் வளையங்களை ஆராய்ந்தபோது அதில் இருக்கும் மிகப் பழைய மரமே 1848இல் வெட்டியது என்று தெரிந்துவிட்டது. லிங்கன் பிறந்தது 1809. இப்போது அடையாளக் குடிசை என்று நேர்மையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். மண்டபத்துக்குக் கீழே இருக்கிற ஊற்று மட்டும் அசல். பாறைப் பொந்துக்குள் படி இறங்கினால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நான்சி குடம் தூக்கி நடந்த இடம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இந்த ஊரில் இதுதான்.

பத்து மைல் வடகிழக்கே நாப் கிரீக். 1811இலிருந்து 1816வரை லிங்கன் குடும்பம் இருந்த பண்ணை. மூன்றாவது குழந்தை, தாமஸ் என்று அப்பா பெயரையே வைத்த பையன், கைக்குழந்தையாகவே இங்கே இறந்தான்.

ராத்திரி விடுதியில் அம்மா, "இத்தன தாளு எதுக்கு, ரத்தத்தப் பாத்தா தெரியாதா?" என்றார். பார்த்திருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்று ஒன்று அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும், மகன்களுக்கும் வரும், ஆனால் மகன்கள் அதை மேற்கொண்டு கொடுக்க முடியாது, மகள் வழி மகள் என்றே போகும். நான்சியின் நேர் வழி அறுந்துவிட்டது: ஒரே மகள் சாரா 1828இல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அதனால் பக்கத்து வழியாகப் போனார்கள். ஜோசப்பின் மனைவி நானியின் மற்ற மகள்கள் வழியாக, மகள், மகளின் மகள் என்று இன்றுவரை வந்து சேர்ந்த பெண்களின் எச்சிலைச் சோதித்தார்கள், லூசியின் பின்னாள் மகள்கள் வழி வந்தவர்களையும் சேர்த்து. எல்லோருக்கும் எக்ஸ்1சி என்ற அபூர்வமான வகை ஒத்துப்போனது, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். நான்சி வேறொரு குடும்பத்துப் பெண், ஷிப்லி வழி வந்தவள் என்று வாதம் செய்துவந்த கட்சி அதோடு ஓய்ந்தது. உயிலில் இடம் இல்லாத லூசி, அந்த வீட்டு மகள்தான்.

அம்மா விரல் விட்டு எண்ணினார். அவருடைய அம்மா, அவர், நான். எனக்கு இரண்டும் பையன்கள். "நம்ம வழியும் உன்னோட நின்னு போச்சா?" என்றார். அக்காவுக்கு மகள் இருக்கிறாளே என்றேன். சரி என்று விளக்கை அணைத்துவிட்டார்.

நாள் 4: லிங்கன் சிட்டி, இந்தியானா

ஒஹையோ ஆற்றைத் தாண்டி இந்தியானாவுக்குள் வந்தோம். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், லிங்கன் குடும்பத்துக்கு 1816 டிசம்பரில் தெப்பமும், காட்டை வெட்டி வழி செய்ததும் சேர்த்து நாட்கணக்கு. கென்டக்கியில் நிலப்பட்டாத் தகராறு தீரவில்லை, அடிமை முறையும் ஒரு காரணம் என்று லிங்கன் பின்னாளில் எழுதினார். வழியில் சான்டா கிளாஸ் என்று ஒரு ஊர், நிஜமாகவே பெயர் அதுதான். பலகையைப் பார்த்து நான்தான் பாதை தவறிவிட்டேன் என்று நினைத்தேன். இந்தக் கவுன்டியின் கடிகாரம் கென்டக்கியில் நாங்கள் கிளம்பிய பக்கத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, அதை மறந்து, திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வாசலில் நின்றோம்.

அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை. காட்டுப் பாதை ஓரத்தில் நடந்தபோது அதைப் பார்த்தேன், படத்தில் பல தடவை பார்த்துப் பழகியதால் உடனே தெரிந்தது. இடுப்புயரச் செடி. இலை இதய வடிவம், ஓரமெல்லாம் ரம்பப் பல், எதிரெதிராக இரண்டிரண்டு. உச்சியில் வெள்ளைப் பூ, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் கொத்துக் கொத்தாக. செப்டம்பர் கடைசியில் நிழலில் அது மட்டும்தான் பூத்திருந்தது. வெள்ளைப் பாம்புவேர் என்று பெயர். நான்சியைக் கொன்ற செடி.

1818இல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பால் நோய் வந்தது. மாடுகள் நடுங்கி விழுந்தன. பால் குடித்தவர்களுக்கு வாந்தி, அடங்காத தாகம், மூச்சில் ஒரு நாற்றம், சில நாளில் மரணம். செடியில் இருக்கும் ட்ரெமெட்டால் என்ற விஷம் என்று அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி ஜேம்ஸ் கௌச் பிரித்துச் சொன்னது 1920களின் கடைசியில். அதற்கு நூறு வருஷம் முன்பே இல்லினாய் மாநிலத்தில் அன்னா பிக்ஸ்பி என்ற மருத்துவச்சிக்கு ஷானி இனத்து மூதாட்டி ஒருவர் இந்தச் செடியைக் காட்டிக் கொடுத்ததாக அங்கே கதை உண்டு. யார் கேட்டார்கள்.

நான் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குனிந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டார். "இத மாடு தானாத் திங்காது. புல்லுக் காஞ்சு போயி, அவுத்து உட்ட மாடு காட்டுக்குள்ள பூந்தா, வேற வழியில்லாமத் திங்கும்." நான் படித்த கட்டுரைகளில் வறட்சி, மேய்ச்சல் தரை இன்மை என்று இரண்டு பக்கத்துக்கு இருந்தது. அடுத்து அவர் கேட்டது அதைவிட: "கறக்கற மாடு நல்லாத்தானே இருந்திருக்கும்? கன்னுக்குட்டிதான நடுங்கியிருக்கும்?" ஆமாம். விஷம் பாலோடு வெளியேறிவிடுவதால் கறவை மாட்டிடம் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், ஊட்டுகிற கன்று முதலில் விழும். கன்றைக் கவனித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அது காட்டைத் திருத்த வந்து இரண்டே வருஷமான குடும்பம்.

முதலில் விழுந்தவர்கள் நான்சியை வளர்த்த தாமஸ் ஸ்பாரோவும் எலிசபெத்தும், இவர்களைத் தேடி இந்தியானாவுக்கே வந்து பக்கத்தில் குடியேறியிருந்தவர்கள். நான்சிதான் பணிவிடை செய்தார். செப்டம்பரில் தாமஸ் ஸ்பாரோ சொன்ன உயிலில் சாட்சியாக நான்சி லிங்கன் என்று எழுத்தர் எழுதி, அதன் நடுவே அவர் போட்ட பெருக்கல் குறி இருக்கிறது. நான்சியின் கையிலிருந்து வந்தது என்று காட்ட என் ஃபைலில் இருப்பது அந்தக் குறிதான். நான்சிக்கு வாசிக்கத் தெரியும் என்று தெரிந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துப் பிழையோடு ஒரு சீட்டு எழுதத் தெரிந்த லூசியின் மகள் பெருக்கல் குறிதான் போட்டாள். யார் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அக்டோபர் 5 அன்று இறந்தார். தாமஸ் லிங்கன் தச்சர், பெட்டியை அவரே அடித்தார். ஒன்பது வயது ஆபிரகாம் மர ஆணிகளைச் செதுக்கிக் கொடுத்தான்.

கல்லறைக்கு நீளமான நடைபாதை. மேட்டில், மரங்களுக்கு நடுவே, இரும்பு வேலிக்குள் ஒரு சின்ன வெள்ளைக் கல். 1879இல் சவுத் பெண்ட் ஊரின் வண்டி செய்யும் கம்பெனியைச் சேர்ந்த பீட்டர் ஸ்டுட்பேக்கர் நட்டது. அதுவரை அறுபது வருஷம் கிட்டத்தட்ட அடையாளமே இல்லாமல் கிடந்த மண். நான்சி ஹேங்க்ஸ் லிங்கன், ஜனாதிபதி லிங்கனின் அம்மா என்று போட்டிருக்கிறது, வயது 35 என்றும் போட்டிருக்கிறது, 1784 பிப்ரவரி பிறப்பு என்கிற வழக்கமான கணக்குப்படி 34தான். புகைப்படம் கிடையாது, ஓவியம் கிடையாது, உயரம் என்ன, கண் என்ன நிறம் என்று பார்த்தவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கல்லின் மேல் யார் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு சென்ட் காசுகள். மகன் முகம் போட்ட காசு. அம்மா தன் பர்ஸில் தேடினார், கால் டாலர்தான் இருந்தது, அதையே வைத்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டார், "அந்த பைடி கன்னு போட்டுச்சா?" தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

விடுதிக்கு வந்ததும் காப்பி போட்டேன். அறையில் வைத்திருந்த குட்டிக் குட்டிப் பால் டப்பாக்களில் ஒன்றைப் பிரிக்கப் போனேன். "எனக்கு வேண்டாம் அம்மிணி, இன்னைக்கு வரக்காப்பியே போதும்."